தெரிந்த வார்த்தை

கூரியர்காரர் கதவைத் தட்டியபோது மெகராஜ் பேகம் நைட்டிக்குக் கழுத்துப்பட்டி அடித்துக்கொண்டிருந்தாள். மிஷின் சத்தத்தில் முதல் இரண்டு தட்டு காதில் விழவில்லை. மூன்றாவது தட்டுக்கு எழுந்து போனாள். "முகமது ரியாஸ் வீடு இதானம்மா?" என்று கேட்டு அவர் ஒரு பார்சலை நீட்டினார். இதான், இதான் என்று இரண்டு தடவை சொன்னாள். பெற்ற மகன் பேரை வெளியாள் வாயால் கேட்டு எத்தனை நாள் ஆச்சு!

மகன் வீட்டுப்பக்கம் வந்து இரண்டரை வருசம் முடிந்திருந்தது. பெங்களூரில் பெரிய கம்பெனியில் இங்கிலீஷில் எழுதித் தருகிற வேலை. வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வரும், அதில் ஒன்றும் குறை சொல்ல முடியாது. நல்லாருக்கீங்களா, சாப்பிட்டீங்களா, அத்தா எங்க, சரி வைக்கிறேன். அவ்வளவுதான். அத்தாவிடம் கொடுத்தால் பத்து நிமிசம் பேசுவான். அம்மாவிடம் மட்டும் வாயில் புளியைப் போட்டதுபோல் ஒரு பேச்சு. நான் என்ன செய்தேன் என்று மெகராஜ் மிஷினை மிதித்துக்கொண்டே யோசிக்காத நாள் கிடையாது. இவன் மனசில் என்னைப் பற்றி என்னதான் வைத்திருக்கிறான்? யாரிடம் போய்க் கேட்பது?

பார்சல் வந்த விசயத்தைச் சொல்ல அவளே போன் போட்டாள். அந்தப் பக்கம் ரியாஸ் பதறிப்போனான்.

"அந்த அட்ரஸுக்கு ஏன் அனுப்புனாங்க? அம்மா, அதப் பிரிக்காதீங்க. பீரோ மேல வச்சிருங்க. வரும்போது எடுத்துக்கிடுதேன்."

"என்னப்பா அது? வெடிகுண்டா?"

"கதைப் புத்தகம்மா. என் கதை ஒண்ணு அதுல வந்திருக்கு. இங்கிலீஷ். உங்களுக்குப் புரியாது."

புரியாது என்று சொன்னால் சும்மா இருக்கிற பொம்பளையா அவள்? கரண்டு மிஷினைக் கண்டு மற்ற பெண்கள் பயந்து ஓடியபோது ஒரே வாரத்தில் ஓவர்லாக் பழகியவள். மகனைப் படிக்க வைக்க ராத்திரி பகல் பாராமல் அந்த மிஷினில் உட்கார்ந்து இடுப்பை ஒடித்துக்கொண்டவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில், முன்கூடம் முழுக்க நைட்டித் துணி குவிந்த அந்த வீட்டில், பார்சல் பீரோ மேல் இருந்தது சரியாக அரைமணி நேரம். அப்புறம் நூல் வெட்டுகிற கத்திரியாலேயே அதைப் பிரித்துவிட்டாள்.

பன்னிரண்டு பேர் எழுதிய பன்னிரண்டு கதைகள். நாலாவது அவள் மகனுடையது. கதையின் தலைப்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். 'பீஸ் ரேட்.' அட, இது நம்ம வார்த்தை! பீஸுக்கு இவ்வளவு என்று பேசித்தானே இருபத்தைந்து வருசமாகத் தைக்கிறாள். அடுத்து முதல் வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டத் தெரியும். மை மதர் வாஸ் எ ஹோம்லி, கிராஸ்பிங் உமன்.

கதையின் முதல் வரியிலேயே அம்மா! மெகராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த வரியில் அவளுக்குத் தெரியாத வார்த்தை என்று எதுவுமே இல்லை. ஹோம்லி தெரியாதா? தெருவில் எந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தாலும் புரோக்கர், பயோடேட்டா எல்லாம் சொல்வது அந்த வார்த்தையைத்தானே. பொண்ணு ஹோம்லி. அதாவது குடும்பப்பாங்கு. கிராஸ்பிங்கும் தெரியும். ரியாஸ் நாலாப்பு படிக்கையில் டீச்சர் அவளை அழைத்துச் சொன்னார், உங்க பையனுக்கு கிராஸ்பிங் பவர் நல்லாருக்கும்மா, சட்டுனு புரிஞ்சுக்கிடுறான் என்று. அன்றைக்கு அவள் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தாள். இப்போது மகன் அந்த வார்த்தையை அவளுக்கே கொடுத்திருக்கிறான். குடும்பப்பாங்கான, புத்திக்கூர்மையுள்ள பெண் என் அம்மா!

சாயங்காலம் அவள் புருசன், ரியாஸின் அத்தா பிச்சை முகம்மது வந்து டிவிஎஸ்ஸை நிறுத்தியதும் ஓடிப்போய்ச் சொன்னாள். அவள் தைப்பதில் கம்பெனி எடுக்காமல் மிஞ்சுகிற பீஸுகளை மூட்டை கட்டி, கூமாப்பட்டி, கான்சாபுரம், பிளவக்கல் அணைப்பக்கம் தோட்ட வேலைக்கு வருகிற பெண்கள் என்று ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பது அவர் தொழில். தங்கமான மனுசர், யார் மனசையும் நோகடிக்க மாட்டார் என்று தெருவில் பேர். விலை குறைக்கச் சொன்னால் குறைத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். அதற்குச் சண்டை போடுவது மெகராஜ் வேலை.

"எதுக்குடி எழுத்துக் கூட்டிச் சாகுற? போன வச்சுப் பிடிச்சா மெசினே தமிழ்ல சொல்லிருமாம்ல. கான்சாபுரத்துல ஒரு பய மருந்து டப்பாவ அப்படித்தான் படிச்சான்," என்றார்.

பிடித்துப் பார்த்தார்கள். எழுத்தெல்லாம் நெளிந்து நெளிந்து தமிழாக மாறியது. 'எனது தாய் ஒரு வீட்டு, பிடிக்கும் பெண்.'

"பாத்தீங்களா! என்னப் பிடிக்கும்னு எழுதியிருக்கான்!" என்று கத்தினாள் மெகராஜ்.

"அதான் போன்ல மூஞ்சியக் காட்டுறான்," என்று சிரித்தார் பிச்சை முகம்மது.

"போங்க நீங்க. நேர்ல சொல்ல வெக்கமா இருக்கும் அவனுக்கு. எனக்கு மெசின் தமிழ் வேணாம். என் மகன் எழுதுனத நானே படிச்சுக்கிடுதேன்."

அன்றிலிருந்து ஒரு வைராக்கியம். பாபின் மாற்றுகிற நேரம், கரண்டு போன நேரம், சோறு கொதிக்கிற நேரம், புத்தகமும் கையுமாக இருந்தாள். தெரியாத வார்த்தைக்கு அடியில் துணியில் குறி போடுகிற சாக்கட்டியால் ஒரு கோடு. போனில் அந்த வார்த்தையைத் தட்டி அர்த்தம் வாங்கிக்கொள்வாள். தெரிந்த வார்த்தைக்குக் கோடு கிடையாது. தெரிந்ததை எவளாவது மெனக்கெட்டுப் பார்ப்பாளா?

இரண்டாவது வரியில் அவள் கையைப் பற்றி 'சாலோ' என்று எழுதியிருந்தான். கோடு போட்டுத் தட்டினாள். வெளிர் மஞ்சள் என்று வந்தது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். எலுமிச்சம்பழக் கலராம் என் கை! கருப்பி கருப்பி என்று நாத்தனார்மார் கூப்பிட்ட வீட்டில் இப்படி ஒரு பிள்ளையா! மாஷா அல்லா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தைத்த நைட்டிகளைச் செவ்வாய்க்கிழமைதோறும் ராஜபாளையம் கம்பெனிக்குக் கொண்டுபோய்ப் போட வேண்டும். பக்கத்து வீட்டு ஜாஸ்மினும் அவளும் ஆளுக்கு இரண்டு பண்டலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். அந்தச் செவ்வாய் பண்டலுக்குள் புத்தகமும் இருந்தது.

"அக்கா, இத எதுக்குச் சொமந்துட்டு வாரீக?" என்றாள் ஜாஸ்மின்.

"அங்க ஒரு பொண்ணு இருக்கால்ல, ஜனனி. இங்கிலீஷ்ல எம்.ஏ. படிச்சவ. அவகிட்டக் காட்டணும்ட்டி. நாம படிச்சது சரிதானான்னு தெரிஞ்சுக்கிட வேணாமா?"

"உள்ளதச் சொல்லுங்க. பெருமையடிக்கப் போறீக."

"ஆமா, பெருமைதான். எனக்கு வேற என்னட்டி பெருமை இருக்கு? இருபத்தஞ்சு வருசமா தைக்கேன், நான் தச்சதுல ஒண்ணுலயாவது என் பேரு இருக்கா? அடுத்தவ பேர ஒட்டித்தான் விக்கிறான். இப்பத்தான் என்னப் பத்தி ஒரு புத்தகத்துல வந்திருக்கு."

கம்பெனி பஞ்சு மார்க்கெட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு தகரக் கொட்டகை. பீஸைப் பிரித்துப் பார்த்துத் தையல் குறை சொல்லித் தள்ளுவதும் பில் போடுவதும் ஜனனி வேலை. இருபத்தாறு வயசு, வெடுக்கென்ற வாய். மெகராஜ் புத்தகத்தை நீட்டியதும் முதலில் அசட்டையாகத்தான் வாங்கினாள். முதல் பத்தியைப் படித்தாள். மெகராஜைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி படித்தாள். உதட்டை மடித்துக்கொண்டாள்.

"அக்கா, இது உங்க சொந்த மகனா எழுதுனது?"

"பெத்த மகன்மா. எப்படி எழுதியிருக்கான்?"

"பிரமாதமா எழுதியிருக்கான். நீங்க படிச்சீங்களா? எங்க, வாய் விட்டுப் படிங்க பாப்போம். ஏ, எல்லாரும் இங்க வாங்கப்பா! மெகராஜ் அக்கா இங்கிலீஷ் படிக்கிறாங்க!"

கட்டிங் மாஸ்டர் சோலைராஜ் கத்தியை நிறுத்திவிட்டு வந்தார். மடிப்புப் போடுகிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். மெகராஜ் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, மேடையில் நிற்கிறவள்போல் நிமிர்ந்து நின்று, மை மதர் வாஸ் எ ஹோம்லி, கிராஸ்பிங் உமன் என்று படித்தாள்.

"அர்த்தம் சொல்லுங்கக்கா," என்றாள் ஜனனி.

"குடும்பப்பாங்கான, எதையும் சட்டுனு புரிஞ்சுக்கிடுற பொம்பளை எங்கம்மா. அப்புறம் என் கை எலுமிச்சம்பழக் கலராம்."

பிள்ளைகள் கை தட்டினார்கள். சோலைராஜ், "குடுத்து வச்சவ தாயி நீ," என்று மனசாரச் சொன்னார். ஜனனியோ சிரிப்பை அடக்க மாட்டாமல் பில் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். உள் அறையிலிருந்து முதலாளியம்மா தெலுங்கில் என்ன சிரிப்பு என்று கேட்க, ஜனனியும் தெலுங்கிலேயே ஏதோ சொன்னாள். முதலாளியம்மா வாசலுக்கே வந்து மெகராஜின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படிச் சிரித்தாள். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று மெகராஜும் சேர்ந்து சிரித்தாள்.

"வேற யாருக்கும் இப்படி ஒரு மகன் கெடைக்க மாட்டான்க்கா. இனிமே உங்கள ஹோம்லி அக்கான்னுதான் கூப்பிடுவோம்," என்றாள் ஜனனி.

அப்படியே கூப்பிட்டார்கள். ஹோம்லி அக்கா, இந்தப் பீஸுல பைப்பிங் கோணிருக்கு. ஹோம்லி அக்கா, சனிக்கிழமைக்குள்ள ரெண்டு டஜன் சேத்து வேணும். ஒவ்வொரு தடவையும் மெகராஜுக்கு உச்சி குளிர்ந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மேற்கே மலை கண்ணுக்குத் தெரியவில்லை. வெட்டிய துணியெல்லாம் ஈரம் பிடித்து நமுத்துப்போக, ஊசி ஓடாமல் நூல் அறுந்தது. பிச்சை முகம்மது வண்டியை எடுக்க முடியாமல் வீட்டில் படுத்துக் கிடந்தார். பகலில் பாதிநேரம் கரண்டு இல்லை. மெகராஜ் ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்றாவது பக்கத்துக்கு வந்திருந்தாள்.

அந்தப் பக்கத்தில் பிரியாணி என்ற வார்த்தை இருந்தது. அதைப் பார்த்ததும் சம்பவம் இன்னதென்று தெரிந்துவிட்டது. மதுரையில் ரியாஸோடு படித்த பையன் வீட்டுக் கல்யாணம். மறுநாள் ரியாஸுக்குப் பரீட்சை. கூட்டத்தில் இவன் சரியாகச் சாப்பிடவே இல்லை. ராத்திரி படிக்கிற பிள்ளை பசியோடு இருக்கக்கூடாதே என்று மெகராஜ், நாலு பேர் சேர்ந்து சாப்பிடுகிற சகன் தட்டிலிருந்து இரண்டு கை அள்ளி, கேரி பேக்கில் போட்டு, துப்பட்டிக்குள் மறைத்து எடுத்து வந்தாள். அதைத்தான் எழுதியிருக்கிறான். ஆகா, இதையும் மறக்கவில்லை என் பிள்ளை என்று உருகிக்கொண்டே வரியைக் கூட்டினாள். 'ஹெர் கிராஸ்பிங் ஹேண்ட்ஸ்' என்று இருந்தது.

அங்கே நின்றுவிட்டாள். ஹேண்ட்ஸ் என்றால் கை. கிராஸ்பிங் என்றால் புரிந்துகொள்கிற. கை எப்படிப் புரிந்துகொள்ளும்? புத்தி புரிந்துகொள்ளும், அது சரி. சோற்றுக்குள் போகிற கைக்கு என்ன கிராஸ்பிங் பவர்?

எழுதும்போது தப்பாகப் போட்டுவிட்டான் போல என்று நினைத்து அடுத்த வரிக்குப் போனாள். திரும்பி வருகையில் பஸ்ஸில் இருந்தவர்கள் அவளுடைய ஹோம்லி முகத்தைப் பார்த்துவிட்டு, அவனைப் பார்த்தார்களாம், பிட்டியோடு. அந்தப் பிட்டிக்குச் சாக்கட்டிக் கோடு போட்டாள். இரக்கம் என்று வந்தது. குடும்பப்பாங்கான முகத்தைப் பார்த்துவிட்டு எவனாவது பிள்ளைமேல் இரக்கப்படுவானா? பொருத்திப் பார்த்தாள், பொருந்தவில்லை. கைப்பகுதியைக் கழுத்தில் வைத்துத் தைத்ததுபோல் இருந்தது. தையல்காரிக்குத் தெரியாதா? பொருந்தவில்லை என்றால் வெட்டியதில்தான் தப்பு.

முதல் பக்கத்தைத் திருப்பி, இத்தனை நாளாகக் கோடே போடாத இரண்டு வார்த்தைகளுக்கும் கோடு போட்டாள். போனில் தட்டினாள். குடும்பப்பாங்கான என்றுதான் முதலில் வந்தது. விரலால் தள்ளினாள். கீழே இருந்தது. பார்க்க லட்சணமில்லாத, அழகற்ற. மற்றதைத் தட்டினாள். பேராசை பிடித்த, எதையும் தனக்கென்று பறித்துக்கொள்கிற. சாலோவை மறுபடி தட்டி அதையும் கீழே வரை தள்ளினாள். நோயாளியின் தோல்போல் மஞ்சள் பாரித்த.

அல்லாவே!

மகன் எழுதியது ஒரு பக்கம் இருக்கட்டும். அதை நிமிர்ந்து நின்று, மேடை போட்ட மாதிரி, ஏழெட்டுப் பேருக்கு முன்னால் வாசித்தாளே! அர்த்தமும் சொன்னாளே! ஹோம்லி அக்கா என்று கூப்பிட்டதற்கெல்லாம் என்னம்மா என்று திரும்பினாளே! உள்ளே பிச்சை முகம்மது குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை.

அதற்குப் பிறகுதான் நிஜமாகப் படித்தாள். ஒவ்வொரு வார்த்தையையும் சந்தேகப்பட்டாள். குறிப்பாகத் தெரிந்த வார்த்தையை. அதற்கு முன்னால் வருவதென்ன, பின்னால் வருவதென்ன, அந்த இடத்தில் ஆள் அழுகிறானா சிரிக்கிறானா என்று பார்த்துத்தான் அர்த்தம் வைத்தாள். பதினாலு பக்கத்தையும் முடிக்கத் தை மாசம் ஆகிவிட்டது. முடித்ததும் திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். எங்காவது ஓரிடத்தில், ஒரே ஒரு வரியில், அவளை நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறானா என்று தேடித் தேடிப் படித்தாள். மூன்றாம் தடவை படிக்கையில் அவளுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. எல்லாம் பாடமாகிவிட்டது. அந்த ஒரு வரி மட்டும் கிடைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ஜனனி வழக்கம்போல ஆரம்பித்தாள். "ஹோம்லி அக்கா, கதை எதுவரைக்கும் வந்திருக்கு?"

"முடிச்சிட்டேம்மா. அதுல ஸ்மிர்க்னு ஒரு வார்த்தை வந்துச்சு. அடுத்தவ நோகுறதப் பாத்து உதட்ட மடிச்சுச் சிரிக்கிறதுக்கு இங்கிலீஷ்ல தனிப் பேரே வச்சிருக்கான். போன்ல பாத்தேன், சரியா வெளங்கல. இப்ப உன் மூஞ்சியப் பாத்தேன், வெளங்கிருச்சு."

ஜனனி பேனாவைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து தேடினாள். அதன்பிறகு அந்தக் கம்பெனியில் அவளை யாரும் பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனால் அதில் மெகராஜுக்கு என்ன லாபம்? ஊரான் வாயை அடைக்கலாம். பெத்த பிள்ளை மனசுக்குள் கிடப்பதை என்ன செய்ய?

பிச்சை முகம்மதுவிடம் அவள் வாயே திறக்கவில்லை. அந்த மனிதரோ முன்பு அவள் ஆடியதையெல்லாம் மகனிடம் போனில் சொல்லிவிட்டார். உன் அம்மா உன் கதையைப் படிச்சிட்டு ராஜபாளையம் வரைக்கும் தம்பட்டம் அடிச்சிட்டா, தலைகால் புரியல அவளுக்கு என்று. இதைக் கேட்டதும்தான் ரியாஸுக்கு உயிர் வந்திருக்க வேண்டும். கான்சாபுரத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம், அதற்கு வருகிறேன் என்று தானாகவே சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்து இறங்கினான். ஆள் வெளுத்து, கண்ணாடி போட்டு, நன்றாக இருந்தான். வந்ததும் வராததுமாக அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "என்னம்மா, இங்கிலீஷ் புலியாயிட்டீங்களாம்?" என்றான். இத்தனை வருசத்தில் அவன் அப்படிச் செய்ததே இல்லை. மெகராஜுக்கு ஒரு நிமிசம் எல்லாம் மறந்துபோனது. கதை எழுதுகிறவன் ஆயிரம் எழுதுவான், நிஜத்தில் பிள்ளை பிள்ளைதான் என்று மனசு இளகி, கறி எடுத்து வரச் சொல்லி, தேங்காய் அரைத்து உட்கார்ந்தாள்.

பின்வாசலில் ரியாஸ் போன் பேசிக்கொண்டிருந்தான். அடுப்படி ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான். இங்கிலீஷ் பேச்சு. அம்மாவுக்குக் கேட்டால் என்ன, புரியவா போகிறது என்ற தைரியம். ஷி ரெட் இட், என்றான். நோ, நோ, ஷி லவ்ஸ் இட். ஷி திங்க்ஸ் இட்ஸ் எ காம்ப்ளிமென்ட். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தான்.

மெகராஜ் கரண்டியை நிறுத்தினாள். காம்ப்ளிமென்ட் தெரியும். தீபாவளிக்குக் கம்பெனியில் டஜனுக்கு ஒரு பீஸ் காம்ப்ளிமென்ட் கொடுப்பார்கள். சும்மா தருவது. ஆனால் தெரிந்த வார்த்தையை இப்போதெல்லாம் அவள் நம்புவதில்லை. ஈரக் கையோடு போனை எடுத்துத் தட்டினாள். பாராட்டு என்று வந்தது. அவ பாராட்டுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. துணி எடுத்துத் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

ஜும்மா முடிந்து இருவரும் வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். நெய்ச்சோறு, கறிக்குழம்பு, தாளிச்சா. மெகராஜ் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏப்பா ரியாசு, ஒரு சந்தேகம். கிராஸ்பிங்னா என்னப்பா அர்த்தம்?"

அவன் நிமிர்ந்து அவள் முகத்தை நேராகப் பார்த்தான். கண்கூட இமைக்கவில்லை. "எதையும் சட்டுனு புரிஞ்சுக்கிடுறவங்கன்னு அர்த்தம்மா. உங்கள மாதிரி."

"ஹோம்லின்னா?"

"குடும்பப்பாங்குன்னு அர்த்தம். ஏன்மா, அதான் உங்களுக்கே தெரியுமே."

"தெரியும், தெரியும்," என்றாள். எழுந்துபோய் பீரோவிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்து விரித்தாள். "நான் தமிழ்ல சொல்லுதேன், சரியான்னு பாரு. 'எங்கம்மா பாக்க லட்சணமில்லாதவ, பேராசை பிடிச்சவ. சீக்காளி மாதிரி மஞ்சப் பாரிச்ச கை அவளுக்கு.'"

பிச்சை முகம்மது சிரித்துவிட்டார். "ஏட்டி, என்ன நீயா கதை கட்டுற?"

அவள் நிறுத்தவில்லை. 'எதப் பாத்தாலும் அவளுக்கு வேணும். விருந்தாளி வந்தா கையில என்ன இருக்குன்னு பாத்துட்டுத்தான் மூஞ்சியப் பாப்பா.' அடுத்து பிரியாணி அள்ளியதைப் படித்தாள். துப்பட்டிக்கு வெளியே எண்ணெய் கசிந்ததையும், சிநேகிதர்கள் அதைப் பார்த்ததையும் படித்தாள். 'அந்தப் பஸ்ல அவ எனக்கு யாரோன்னு ஆயிரணும்னு நான் துவா கேட்டேன்.' ஒரு வார்த்தையை விடவில்லை. ரியாஸ் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் குனிந்து உட்கார்ந்திருந்தான். காது இரண்டும் சிவந்துவிட்டன. வாயைத் திறந்து அம்மா என்றோ, போதும் என்றோ, தப்பு என்றோ ஒரு வார்த்தை சொல்லுவான் என்று வரிக்கு வரி அவள் நிறுத்திப் பார்த்தாள்.

"அது வெறும் கதைம்மா," என்று கடைசியில் தட்டைப் பார்த்துச் சொன்னான்.

"பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை பட்டினியா இருக்கானேன்னு அள்ளுனேன். அத ஏம்ப்பா எழுதல? அன்னைக்கு ராத்திரி அந்தச் சோத்தத் தின்னது யாரு?" மெகராஜ் அழுதேவிட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு புருசன் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருசம் கூட இருந்த மனுசன், எல்லாம் அறிந்தவர், இந்த இடத்திலாவது மகனை ஒரு அதட்டுப் போடுவார் என்று பார்த்தாள்.

பிச்சை முகம்மது எலும்பை உறிஞ்சிவிட்டுத் தட்டோரம் வைத்தார். "எதுக்குடி சாப்பிடுற எடத்துல ஒப்பாரி? உள்ளதைத்தான எழுதியிருக்கான். நீ கொஞ்சம் அள்ளி முடியிற ஆளுதான. பிள்ளையச் சாப்பிட விடு."

மெகராஜ் அழுகையை நிறுத்திவிட்டாள். பக்கத்தைத் திருப்பினாள். அந்தப் பக்கத்தில் அத்தாவைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அவள் அதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. வண்டியில் வெயிலென்றும் மழையென்றும் அலைகிற மனுசன் மனசு முறிந்துவிடக்கூடாது என்று விழுங்கி வைத்திருந்தாள்.

"உங்களப் பத்தியும் எழுதியிருக்கான். கேளுங்க," என்றாள்.

ரியாஸ் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். எச்சில் கையோடு பாய்ந்து வந்து புத்தகத்தை அவள் மடியிலிருந்து பிடுங்கினான்.

"அம்மா! அது வேணாம்மா! அத்தாவுக்கு முன்னால அதப் படிக்காதீங்க, பாவம்மா அவரு!"

மெகராஜ் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். இத்தனை வருசமாக இவன் மனசில் என்ன இருக்கிறது என்று தவித்தாளே, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அத்தாவுக்கு நோகும் என்று இவனுக்குத் தெரிகிறது. அதற்குப் பதறவும் வருகிறது. அவளை வரிவரியாகக் கிழிக்கும்போது மட்டும் காது சிவக்க உட்கார்ந்திருந்தான்.

"புத்தகத்த நீயே வச்சுக்க. எனக்கு எல்லாம் பாடம்," என்று சொல்லிவிட்டுப் புருசன் பக்கம் திரும்பினாள்.

"கேளுங்க. 'எங்கத்தா யாருக்கும் கெடுதல் நெனைக்காத மனுசர்னு ஊர்ல சொல்லுவாங்க. கெடுதலோ நல்லதோ நெனைக்கிறதுக்கு உள்ள ஒரு ஆளு வேணும். அந்த வீட்டுல அவரு ஆணியில மாட்டுன சட்டை. காத்தடிச்சா ஆடும். அதுக்குள்ள ஆம்பளைன்னு ஒருத்தன் இருந்ததே இல்ல.'"

பிச்சை முகம்மதுவின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. மகனைப் பார்த்தார். மகன் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான்.

மெகராஜ் குழம்புச் சட்டியை இழுத்து அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.

"இப்பச் சொல்லுங்க," என்றாள். "உள்ளதைத்தான எழுதியிருக்கான்?"